செங்கம்மாள் வைத்த அடைப்பு

எங்கள் எதிர்வீட்டு செங்கம்மாளுக்கு அந்தக் காரின் அடிவயிறு மட்டும்தான் தெரியும். வருஷக்கணக்காக அதன் கீழே மல்லாந்து படுத்திருக்கிறாள். ஒரே ஒரு நாளைத் தவிர அதற்குள் உட்கார்ந்ததில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிறு எரிகிறது.

கும்மிடிப்பூண்டியில் ஸ்டேஷனை ஒட்டி எங்கள் தெரு. நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பேர் சாராள். எதிர்வீட்டில் முனிகிருஷ்ணன் என்கிற டாக்சிக்காரனும் அவன் பெண்டாட்டி செங்கம்மாளும். இரண்டு பேருமே பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரே குப்பத்தில் பிறந்தவர்கள், முறைப்படி மாமன் மகளும் அத்தை மகனும். செங்கம்மாளின் அப்பா குப்பன் மீன் பிடிக்கிறவர் அல்ல, படகு அடைக்கிறவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் கசிந்தால், பஞ்சைத் திரியாகத் திரித்து, குங்கிலியமும் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்து காய்ச்சின குழம்பில் தோய்த்து, இடுக்கில் வைத்து உளியால் அடித்து இறுக்குவார். அவர் கை பட்ட படகில் சொட்டுத் தண்ணீர் ஏறாது என்று அந்தப் பக்கத்தில் பேர். சின்ன வயதில் அவருக்குத் திரி திரித்துக் கொடுத்தது செங்கம்மாள்தான். கை அவளுக்கும் வந்திருந்தது.

முனிகிருஷ்ணனுக்கு அந்த ஏரியே ஆகாது. தெருவில் கருவாட்டுக்காரி போனால் துண்டால் மூக்கைப் பொத்துவான். அவனை வளர்த்ததே அவன் அம்மா விற்ற கருவாடுதான் என்பதை அவன் எதிரில் யாரும் சொல்லக்கூடாது. மெட்ராஸில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் கார் துடைத்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, அவர்கள் கழித்துப் போட்ட பழைய கறுப்புக் காரையே வாங்கிக்கொண்டு அறுபத்தெட்டில் ஊர் வந்து சேர்ந்தான். அப்போது எங்கள் பக்கத்தில் காருக்குப் பிளசர் என்றுதான் பேர். பிளசர் வந்ததும் அவனுக்கு நடை மாறியது, குரல் மாறியது, முன்னால் ஒரு தொப்பையும் தள்ளியது. மாமன் வீட்டுக்குப் போவதை நிறுத்தினான். பெண்டாட்டியையும் விடவில்லை.

"பிளசர் வெச்சிகினு கீறவன் பொண்டாட்டி, மீன் கூடைக்கு நடுவுல பஸ்ல நின்னுகினு போவாளா? என் மானம் இன்னா ஆவறது?" என்பான். சரியப்பா, பிளசரிலேயே கூட்டிக்கொண்டு போயேன் என்றால், "சவாரி வண்டி டீச்சரம்மா. ஊட்டு ஜனத்த ஓசியில ஏத்தினா தொழில் படுத்துடும்" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். பஸ்ஸிலும் போகக்கூடாது, காரிலும் ஏறக்கூடாது. அவள் பறந்துதான் போக வேண்டும்.

அந்தப் பிளசர் வரும்போதே ஆயில் ஒழுகிக்கொண்டுதான் வந்தது. என்ஜினுக்கு அடியில் தொட்டி மாதிரி ஓர் இரும்புத் தட்டு உண்டு, சம்ப் என்பார்கள். ஆயில் அதில்தான் தங்கும். தட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு பேக்கிங் இருக்கும். அது இற்றுப்போனால் ஒழுகும். ஒரு டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதிர்வாசலில் நடந்த கூத்தைப் பார்த்திருந்தால் எருமை மாட்டுக்கும் தெரிந்திருக்கும்.

ரயில்வேயில் கழித்த ஸ்லீப்பர் கட்டைகள் இரண்டைப் போட்டு, முன் சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்துவான். பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுப்பான். அவ்வளவுதான் அவன் வேலை. கீழே நுழைய அவனுக்குத் தொப்பை இடிக்கும். பொன்னேரியில் தானியேல் என்று நல்ல மெக்கானிக் ஒருவன் இருந்தான். அவனைக் கூப்பிட்டால் தனக்குத் தொழில் தெரியாது என்று ஊர் நினைத்துவிடுமாம். ஆகவே பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் போட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்காருவான். செங்கம்மாள் புடவையை வரிந்து கட்டி, சாக்கு விரித்து, கீழே ஊர்ந்து போவாள். வெளியே அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். உத்தரவு போடும்போதெல்லாம் அந்தப் பாதத்தைத் தன் செருப்புக் காலால் ஒரு நெட்டு நெட்டுவான்.

"இன்னும் உள்ள போமே. எண்ணெ எங்கேர்ந்து வருது பாரு."

"சூடா கீது மாமா. கொஞ்சம் ஆறட்டுமே."

"ஆற வெச்சிக் குடிக்க இது இன்னா கஞ்சியா? அவுறுமே நட்ட!"

சவாரி முடிந்து வந்த சூட்டோடு அவள், சம்புக்கு அடியில் ஆயிலை இறக்குகிற டிரெயின் நட்டைக் கழற்றுவாள். அறுத்த மண்ணெண்ணெய் டின்னில் பாதி விழும், முழங்கையில் பாதி வழியும். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவளுக்குத் தோல் உரிந்து உரிந்து நிறம் மாறிப்போயிருந்தது. ஒரு தடவை காதுக்குள் போய்விட்டது. நான் தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் என்னைப் பார்த்து, "எண்ணெ பட்ட எடத்துல எண்ணெ ஊத்தப் போறீங்களா டீச்சரம்மா?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தக் காதில் இன்றைக்கும் அவளுக்குச் சரியாகக் கேட்காது.

ஒழுக்கை நிறுத்த அவள் செய்யாத வேலை இல்லை. முதலில் பார் சோப்பைக் குழைத்து விளிம்பெல்லாம் பூசினாள். சூட்டில் அது நுரைத்து வழிந்தது. பிறகு காலண்டர் அட்டையைத் தட்டின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டித் தட்டி, விளிம்பின் வடிவத்திலேயே பேக்கிங் வெட்டினாள். அது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அட்டை ஊறியதும் மறுபடி பழைய கதை.

கார் நிற்கிற இடத்தில் அவன் ஒரு பரீட்சையும் வைத்திருந்தான். ராத்திரி என் வீட்டிலிருந்து வாங்கிப்போன பழைய பேப்பரைக் காருக்கு அடியில் விரிப்பான். காலையில் பல் விளக்குமுன் அதை இழுத்துப் பார்ப்பான். பேப்பரில் கறுப்புச் சொட்டு இருந்தால் அன்றைக்குச் செங்கம்மாளுக்கு முதுகில் நாலு. "நேத்து இன்னாத்தமே கிழிச்ச கீழ படுத்துகினு?" என்கிற சத்தத்தில்தான் எங்கள் தெரு கண் விழிக்கும். தடுக்கப் போன ஆண்பிள்ளை எங்கள் தெருவில் ஒருவனும் இல்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரமாம். நான் கத்துவேன். "டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துக்கு மணி ஆவல?" என்பான்.

எழுபத்து மூன்று வாக்கில் எங்கள் ஊரில் தொழிற்பேட்டைக்கு இடம் வளைத்து வேலை ஆரம்பித்தார்கள். முள்ளுக்காட்டில் பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பின. புதிதாக வந்த ஒரு தொழிற்சாலைக்கு, ரயிலில் வந்து இறங்குகிற ஆபீசர்களைச் சைட்டுக்குக் கொண்டுபோய் விட முனிகிருஷ்ணன் பிளசரைப் பேசிக்கொண்டார்கள். மாசச் சவாரி, நிலையான வரும்படி. ஆள் தரையில் நடக்கவில்லை.

அந்த சைட்டில் சுப்பராயன் என்று ஒரு என்ஜினியர், தினம் திருநின்றவூரிலிருந்து வருகிறவர். போர்டிகோவுக்குப் புதிதாகச் சிமெண்ட் தரை போட்டு, அதைக் கண்ணாடியாக இழைத்து வைத்திருந்தார். பிளசர் அங்கே நின்று கிளம்பினால் தரையில் உள்ளங்கை அகலம் கறுப்பு. ஒருநாள் அத்தனை கூலியாட்கள் எதிரிலும் அவர் முனிகிருஷ்ணனை நிறுத்தி வைத்தார்.

"உன் தோள்ல இருக்கே துண்டு, அதை எடு. தொடை."

மண்டி போட்டு, சொந்தத் துண்டால் அவன் துடைத்தான். சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இனிமே ஒரு சொட்டு விழுந்தா கேட்டுக்குள்ள வராதே. வேற வண்டி பாத்துக்கறேன்" என்றார் சுப்பராயன்.

அந்தத் துண்டை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து செங்கம்மாள் முகத்தில் தேய்த்தான். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். கண்ணிலும் வாயிலும் ஆயிலோடு அவள் தும்மிக்கொண்டு நின்றாள். சுப்பராயனிடம் காட்ட முடியாத வீரத்தையெல்லாம் இங்கே காட்டினான்.

அதே வாரம் பழவேற்காட்டிலிருந்து துலுக்காணம் வந்தான். செங்கம்மாளுக்குச் சித்தப்பா மகன், கும்மிடிப்பூண்டிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறவன். முனிகிருஷ்ணனுக்குப் பயந்து கூடையை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் எதிர்வீட்டுக்குப் போவான்.

"உங்கப்பனுக்கு காலு ரெண்டும் வீங்கிப் போச்சும்மா. கஞ்சி எறங்கல. 'செங்கம்மா வந்து ஒரு வாய் பாலு ஊத்தட்டும், அப்பறம் போறேன்'னு சொல்லிகினு கீறாரு. எப்டியாச்சும் வந்துட்டுப் போ."

அவர்கள் ஜனத்தில் அது பெரிய விஷயம். உயிர் போகும் நேரத்தில் பிள்ளைகள் கையால் பால் வாங்காமல் போனால் கட்டை வேகாது என்பார்கள். குப்பனுக்கு இவள் ஒரே பிள்ளை. முனிகிருஷ்ணன் வந்ததும் செங்கம்மாள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். ஆகவே அவன் கொஞ்சம் பெரிய மனிதனாகப் பேசினான்.

"இத பாருமே. ஆயில் நிக்கட்டும். பேப்பர்ல ஒரு சொட்டு இல்லாத இருக்கட்டும். உன்ன பஸ்ல இல்ல, பிளசர்லயே இட்டுகினு போயி உங்கப்பன் வாசல்ல எறக்கறேன். இன்னா சொல்றே?"

கொடுக்க மனமில்லாதவன் கொடுக்கிற வாக்கு அது. நிற்காது என்று தெரிந்துதான் சொன்னான். அவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பேசாமல் என்னிடம் பஸ்ஸுக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு கிளம்பு என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். "போனா திரும்ப ஊட்டுக்குள்ள சேர்க்க மாட்டாரு டீச்சரக்கா" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நைனா நான் பிளசர்ல வந்து எறங்கறத ஒரு தபா பாக்கட்டுமே" என்றாள். இவ்வளவு அடியும் வாங்கின பிறகு அவளுக்குள் அந்த ஆசையும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த சந்தைக்குத் துலுக்காணம் வரும்போது அப்பாவிடமிருந்து குங்கிலியம் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவன் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கொண்டுவந்தான். கட்டிலில் படுத்தபடியே எந்தப் படகுக்கு என்று கிழவர் கேட்டாராம். பிளசருக்கு என்றதும் சிரித்தாராம். "ஒழுவுனா அதுவும் படகுதான். ஒரு ஓட்டைய வுடாத அடைக்கச் சொல்லு" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூத்து காலையிலேயே ஆரம்பித்தது. சம்பைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புதுப் பேக்கிங் வெட்டினாள். அடுப்பில் குங்கிலியக் குழம்பு கொதித்தது. தெருவெல்லாம் ஏதோ கோயில் மாதிரி வாசனை. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் அதைப் பூசி, தட்டை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினாள். பிறகு பஞ்சுத் திரியை எடுத்துக்கொண்டு, அப்பா படகைத் தடவுகிற மாதிரி என்ஜினை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். எங்கே பிசுக்கு இருந்ததோ அங்கெல்லாம் அடைத்தாள்.

என்ஜினின் பக்கவாட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு குழாய் இறங்கியிருந்தது. அதன் வாயில் ஆயில் துளி தொங்கிக்கொண்டிருந்தது. என்ஜினின் மேல் மூடியிலும் அதேபோல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டியிருந்த ரப்பர் என்றைக்கோ வெடித்துப் போயிருந்தது. அங்கேயும் ஈரம்.

"மாமா, இங்க ரெண்டு கொழா கீது. அது வயியாவும் எண்ணெ வருது. அடச்சிடட்டா?"

அவன் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "ஒழுவுற எடமெல்லாம் அடைக்கத்தானே சொன்னேன்? இதுக்கு ஒரு கேள்வியா?"

பனங்கட்டையில் ஆப்பு செதுக்கி, பஞ்சு சுற்றி, குழம்பில் முக்கி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அடித்து இறக்கினாள். படகுக்காரன் மகள். ஓட்டை என்றால் அது அடைப்பதற்கே என்று கற்றவள்.

மறுநாள் காலை பேப்பரை இழுத்தபோது அது வெள்ளையாக இருந்தது. அதற்கு மறுநாளும் வெள்ளை. அந்த வாரம் முழுக்க எங்கள் தெரு அடிச்சத்தம் இல்லாமல் விழித்தது. ஸ்டேஷனுக்கும் சைட்டுக்கும் கூப்பிடு தூரம், மெதுவான ஓட்டம், வண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. போர்டிகோவில் சொட்டு விழவில்லை. சுப்பராயனே "பரவாயில்லையே" என்றாராம். முனிகிருஷ்ணன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எவன் கைய வெச்சது? நானே படுத்துகினு நானே பண்ணேன்" என்று பீற்றிக்கொண்டான். சட்டையில் ஆயில் கறைகூட இல்லாமல் அதைச் சொன்னான். கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

செங்கம்மாள் தினம் வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன், "சவாரி கீது", "நாளைக்கிப் பாக்கலாம்" என்று இழுத்தடித்தான். சனிக்கிழமை துலுக்காணம் ஓட்டமாக ஓடிவந்து, கிழவருக்கு மூச்சு வாங்குகிறது, இன்னும் ஒருநாள் தாங்கினால் அதிகம் என்றான். தெருவே கூடிவிட்டது. சொன்ன வாக்கு என் எதிரில் சொன்னது. தப்பிக்க வழி இல்லாமல், "நாளைக்கி காத்தால" என்றான். துலுக்காணம் குப்பத்துக்குப் போய், செங்கம்மா நாளைக்குப் பிளசரில் வருகிறாள் என்று கிழவர் காதில் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். பால் காய்ச்சி ஆற்றிச் சொம்பில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டினாள். நகக்கண்ணில் மட்டும் குங்கிலியமும் ஆயிலும் போகவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று என்னிடம் கையைக் காட்டினாள். முனிகிருஷ்ணன் பின்சீட்டில் ஒரு சாக்கை விரித்தான். "இதும் மேல குந்து. சீட்டுல கறை பட்டா தெரியும் சேதி" என்றான். எந்தச் சாக்கை விரித்து அவள் கீழே படுப்பாளோ அதே சாக்கு. அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கதவைச் சாத்தத் தெரியாமல் இரண்டு தடவை சாத்திவிட்டு, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு நடந்ததை அவளும் துலுக்காணமும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொன்னேரி வரைக்கும் வண்டி நன்றாகப் போயிற்று. பொன்னேரி தாண்டியதும் ரோடு காலியாக இருக்க, முனிகிருஷ்ணன் வேகமாக விட்டான். திருப்பாலைவனம் கடந்ததும் கருகின வாடை. பின்னால் நீலப் புகை. ஆயில் பிரஷரைக் காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போனது, ஆகவே அவன் மிதித்துக்கொண்டே போனான். கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிட்டது. வந்த வழியெல்லாம் ரோட்டில் ஆயில் கோடு.

செங்கம்மாள் இறங்கி, பழக்கதோஷத்தில் புடவையோடு தரையில் படுத்துப் பார்த்தாள். சம்ப் விளிம்பு காய்ந்துதான் இருந்தது. என்ஜினுக்குப் பின்னால், கியர் பெட்டியோடு சேருகிற இடத்தில் இருந்த சீல் பிய்த்துக்கொண்டு, அங்கிருந்து அத்தனை ஆயிலும் கொட்டியிருந்தது.

"நான் அடச்ச எடத்துல ஒண்ணும் ஒழுவல மாமா" என்றாள் எழுந்து.

ரோட்டில் போன ஒரு மாட்டுவண்டிக்காரன் எதிரிலேயே முனிகிருஷ்ணன் அவளை அறைந்தான். அறைந்துவிட்டு, "நான் பொன்னேரிக்குப் போயி தானியேல இட்டுகினு வர்றேன். வண்டிய வுட்டுட்டு நகர்ந்தியோ, அப்டியே உங்கப்பன் ஊட்டோட இருந்துக்க. ஸ்டெப்னிய கழட்டிகினு பூடுவானுங்க. உள்ள குந்தி காவல் காரு. ரிப்பேர் ஆனதும் போவலாம்" என்று சொல்லி, எதிரே வந்த லாரியில் தொற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை. தானியேல் சர்ச்சுக்குப் போயிருந்தான். முனிகிருஷ்ணன் பிரியாணி தின்றுவிட்டு, தானியேல் பட்டறை நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கினான். இதை தானியேலே என்னிடம் சொன்னான்.

அவள் காரில் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்காற்றில் உப்பு வாடை வருகிற தூரம். நடந்திருந்தால் மத்தியானச் சோற்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். இதை அவளிடமே கேட்டேன். ஏன் நடக்கவில்லை, உன் கால் என்ன ஒடிந்தா போயிற்று என்று கேட்டேன். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்றே இருந்ததாம். பழவேற்காட்டு பஸ் அவளைத் தாண்டிப் போனது. காரில் உட்கார்ந்திருக்கிற அம்மா பஸ்ஸில் ஏறவா போகிறாள் என்று கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். வெயில் ஏறியது. மடியில் பால் சூடாகிக்கொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது பழவேற்காட்டுப் பக்கமிருந்து துலுக்காணம் சைக்கிளில் வந்தான். காரைப் பார்த்து நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மா செங்கம்மா, இங்க குந்திகினு கீறே?"

"வண்டி நின்னு போச்சுண்ணா. அவரு ஆளு இட்டாரப் போயிருக்காரு. நைனா எப்டி கீது?"

அவன் அந்தச் சீட்டையும் அவளுடைய நல்ல புடவையையும் பார்த்தான்.

"நைனா பூட்டாரு. காத்தாலயிருந்து 'பிளசரு சத்தம் கேக்குதா, பிளசரு சத்தம் கேக்குதா'ன்னு கேட்டுகினே இருந்தாரு. வந்துகினே கீது, வந்துகினே கீதுன்னு நானும் சொல்லிகினே இருந்தேன். நீ இன்னாடான்னா இங்க மெத்தயில குந்திகினு கீறே. மூணு கல்லு தூரம். நடக்க முடியல உனக்கு?"

அவள் கதவைத் திறந்துகொண்டு விழுந்தடித்து இறங்கி, அவன் சைக்கிள் கேரியரைப் பிடித்தாள். "என்ன இட்டுகினு போண்ணா."

"கோடித்துணி வாங்க திருப்பாலைவனம் போறேன். பிளசர்ல வந்தவ பிளசர்லயே வா" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டான்.

அவள் நடந்தாள், ஓடினாள், மறுபடி நடந்தாள். ஒரு கல் தூரம் போவதற்குள் துலுக்காணம் திரும்பி வந்தான். கேரியரில் கோடித்துணியும் மாலையும் கட்டியிருந்தது. பெல் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்விட்டான். அவன் கெட்டவன் அல்ல. கருவாட்டுக் கூடையை என் வாசலில் இறக்கி வைத்த வருஷங்களெல்லாம் அவனுக்குள் சேர்ந்திருந்தது. அதை முனிகிருஷ்ணனிடம் காட்ட முடியாமல் அவளிடம் காட்டினான்.

குப்பத்தில் அவளுக்காகக் கொஞ்சம் பார்த்தார்களாம். "வருவா வருவா, சொகுசா வருவா" என்று யாரோ சொல்ல, பொழுது இறங்குகிறதே என்று தூக்கிவிட்டார்கள். அவள் போனபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயாத அந்தத் தரையில், கட்டில் இருந்த இடத்தில், சொம்பைக் கவிழ்த்தாள். பால் திரிந்து கட்டி கட்டியாக விழுந்தது. "பாரு, கெட்ட பால கொண்டாந்துகீறா" என்றாள் ஒருத்தி. யாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. சாவு வீட்டில் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எங்கள் பக்கத்தில் கிடையாது.

காரியம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். அப்பன் வீட்டோடு இருந்துகொள் என்றவன், சோறு பொங்க ஆள் வேண்டுமே என்று சேர்த்துக்கொண்டான். அப்போது பிளசர் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டு எதிர்வாசலில் நின்றது. தானியேல் வந்து என்ஜினைப் பிரித்தான். தெருவே சுற்றி நின்றது. பிரித்தவன் முதலில் மேலே இருந்த ஆப்பைக் கண்டான், பிறகு கீழே இருந்ததைக் கண்டான்.

"யாருப்பா இத அடச்சது?"

நானே படுத்தேன், நானே செய்தேன் என்ற முனிகிருஷ்ணன் அன்றைக்குச் சட்டைப் பையில் பீடியைத் தேடினான்.

"என்ஜின் ஓடறச்சே உள்ள காத்து கட்டும். அது வெளிய போவத்தான் இந்தக் கொழா. இது என்ஜினுக்கு மூக்கு மாதிரி. பழைய என்ஜின்ல இன்னும் ஜாஸ்தியா கட்டும். ரெண்டு மூக்கையும் அடச்சா அது எங்கியாச்சும் பிச்சிகினுதானே வரும்? நீ அடைக்காத அப்டியே ஓட்டியிருந்தாகூட இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருக்கும்" என்றான் தானியேல். ஆப்பைப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை. குறடு போட்டு முறுக்கினான். அசையவில்லை. கடைசியில் குழாயையே அறுத்து எடுத்தான். "நானும் எத்தினியோ அடப்பு பாத்துட்டேன். இப்டி ஒரு கைய பாத்ததில்ல. கப்பலுக்கு வெக்க வேண்டிய அடப்பு" என்றான்.

"எல்லாம் இவ பண்ண வேல" என்று செங்கம்மாளைக் கை காட்டினான் முனிகிருஷ்ணன். அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் அவளுக்கு நான் கொஞ்சம் ரசஞ்சோறு கொண்டுபோயிருந்தேன். அப்பா போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முனிகிருஷ்ணன் உள்ளே வந்து, கையிலிருந்த அந்த அறுத்த குழாய்த் துண்டை, ஆப்போடு, சோற்றின் மேலே வைத்தான்.

"இந்தா, உங்கப்பன் சொத்து. இதுதான் உன்ன அங்க போவ வுடாத நிறுத்திச்சி. நானில்ல. உங்கப்பன் குடுத்தான், நீ அடச்ச. நல்லா துன்னு."

நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். டீச்சர் பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசினேன். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனான். செங்கம்மாள் அந்தத் துண்டை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். ஒரு பக்கம் கரிப்பிசுக்கு. மறுபக்கம் பஞ்சு வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே காய்ந்திருந்தது.

"நல்லாத்தான் புடிச்சிகினு கீது டீச்சரக்கா" என்றாள். சொல்லிவிட்டு, குப்பத்தில் அழாத அழுகையை எல்லாம் அங்கே அழுதாள்.

பிளசரை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தொழிற்பேட்டையில் இன்னொரு தொழிற்சாலையில் முனிகிருஷ்ணனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காக்கி உடுப்பில் தொப்பை இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. செங்கம்மாளும் அங்கேதான் தரை துடைக்கப் போகிறாள். மிஷினிலிருந்து ஒழுகுகிற ஆயிலில் மரத்தூளைப் போட்டு வாருகிற வேலை. நகக்கண் கறுப்பு இன்னும் போகவில்லை.

குப்பனுக்குப் போட்டோ கிடையாது. எங்கள் பக்கத்துப் படகு அடைக்கிறவனை யார் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்? அதனால் அந்தக் குழாய்த் துண்டைத்தான் கழுவி, சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள். தூக்கிப் போடு என்று முனிகிருஷ்ணன் அடித்தும் பார்த்தான். அவன் சொல்லி அவள் கேட்காத ஒரே விஷயம் அதுதான். வருஷா வருஷம் அப்பா செத்த நாளில் அதற்குப் பொட்டு வைத்து, எதிரில் ஒரு டம்ளர் பால் வைத்துக் கும்பிடுகிறாள்.

படைத்த பாலை முனிகிருஷ்ணன்தான் எடுத்துக் குடிக்கிறான். சர்க்கரை போதவில்லை என்கிறான்.